மகளின் பங்கும் மகளின் கையொப்பமும்



ஆழ்வார்குறிச்சியிலிருந்து வாசகி ஒருவர் வரைந்த மடலில் இரண்டு வினாக்கள் உள்ளன. முதல் வினா, புனித சார்பெல் பிறந்த லெபனோன் நாட்டைப் பற்றியது. அரபு மொழி பேசும் அந்நாட்டில் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் அருகருகே வாழ்கின்றனராமே, அங்குப் பெண்களின் நிலை எவ்வாறு உள்ளது என்று கேட்கிறார். இரண்டாவது வினா மடலின் ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. தந்தையார் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். உடன்பிறந்த தம்பியர் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்கின்றனர். கிறிஸ்தவப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் சட்டப்படி பங்கு உண்டா, இல்லையா?

ஓரத்தில் எழுதியதே அச்சகோதரியின் உள்ளத்தை அரிக்கும் வினா என்பது தெளிவு. ஆயினும் முதல் வினாவையும் ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே செய்தியின் இரு முனைகளே.

லெபனோன் என்றதும் திருநூலில் வரும் கேதுரு மரங்களே நம் நினைவுக்கு வரும். மத்தியதரைக் கடலோரம் அமைந்த அந்நாட்டின் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். தூத்துக்குடி பிரிவதற்கு முன்னிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தைவிடச் சற்றே சிறியது. இச்சிறு நிலத்தில் அரசு ஏற்பளித்த சமயப் பிரிவுகள் 18. மரோனைட் கத்தோலிக்கர், மெல்கைட் கத்தோலிக்கர், கிரேக்க ஆர்த்தொடாக்ஸ் சபையார், ஆர்மேனியர், சன்னி, ஷியா, ட்ரூஸ் எனப் பட்டியல் நீளும். 1975 முதல் 1990 வரை இப்பிரிவுகளுக்கிடையே மூண்ட உள்நாட்டுப் போரின் வடுக்கள் இன்றும் ஆறவில்லை.

அந்நாட்டில் திருமணம், மணமுறிவு, குழந்தையின் பொறுப்பு ஆகியவற்றுக்கு எல்லார்க்கும் பொதுவான சட்டம் கிடையாது. சமயப் பிரிவுகளுக்கென 15 தனித்தனிக் குடும்பச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவற்றைச் சமய நீதிமன்றங்களே நடத்துகின்றன. அரசுப் பதிவாளர் முன்னிலையில் திருமணம் செய்துகொள்ளப் பொதுச் சட்டம் இல்லாமையால், மரோனைட் பெண்ணும் சன்னி இளைஞரும் மணக்க விரும்பினால் கப்பலோ விமானமோ ஏறி அண்டையிலுள்ள சைப்ரஸ் தீவுக்குச் சென்று மணந்து திரும்புவர். அயல்நாட்டில் நடந்த அத்திருமணத்தை லெபனோன் அரசு பதிவு செய்துகொள்கிறது! வீட்டு வாயிலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தாற்போன்ற ஏற்பாடு.

தாயின் உரிமையும் சமயத்துக்குச் சமயம் மாறுபடுகிறது. மணமுறிவு ஏற்பட்டால், ஷியா பிரிவினரின் முறைப்படி ஆண் குழந்தை 2 வயது வரையிலும் பெண் குழந்தை 7 வயது வரையிலுமே தாயிடம் வளரலாம். சன்னி பிரிவினர் 2011ஆம் ஆண்டில் அந்த வயதை இருபாலருக்கும் 12 என உயர்த்தினர். ஒரே மாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் இரு தாய்மாருள் ஒருத்தி தன் மகனைப் பன்னிரண்டு வயது வரை மடியில் வைத்துக்கொள்ளலாம். மற்றவளோ பால்குடி மறந்தவுடன் பிரிய நேரிடலாம்.

சொத்துரிமையில் அந்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களுக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. 1959ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், இஸ்லாமியர் அல்லாதார் குடும்பங்களில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு வகுத்தது. இஸ்லாமிய முறையில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இதில் விந்தையொன்றும் உண்டு. மகன் இல்லாத சன்னி தந்தை இறந்தால், சொத்தின் ஒரு பகுதி அவர் உடன்பிறந்தாரின் வழியைச் சென்றடையும். ஷியா முறையிலோ மகளே முழுதும் பெறுவாள். ஆகவே பெண் மக்களை மட்டுமே பெற்ற சன்னி தந்தையர் சிலர், மகளின் நலன் கருதி ஷியா பிரிவில் பெயர் பதிவதுண்டு. கத்தோலிக்கருள் சிலர் மணமுறிவை நாடி வேறு சபைக்குப் பெயர் மாற்றுவதும் உண்டு. சமயமே சட்டமாக நிற்கும் இடத்தில், சட்டத்தின் பொருட்டுச் சமயம் மாறும் நிலையும் தோன்றிவிடுகிறது. இது சமயத்துக்கும் நல்லதன்று என்பது நம் எண்ணம்.

எல்லாப் பிரிவுப் பெண்களையும் ஒன்றாகத் தாக்கும் சட்டமும் அங்கு உண்டு. 1925ஆம் ஆண்டின் குடியுரிமை ஆணைப்படி, அயல்நாட்டாரை மணந்த லெபனோன் பெண் தன் குடியுரிமையைக் கணவருக்கோ பிள்ளைகளுக்கோ அளிக்க இயலாது. ஆணுக்கு அத்தடை இல்லை. பெண்கள் போராடிப் பெற்றவையும் உள. 2014இல் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வந்தது. பெண்ணைக் கெடுத்தவன் அவளையே மணந்துகொண்டால் தண்டனை நீங்கும் என்றிருந்த விதி 2017இல் நீக்கப்பட்டது. அவ்வீடுகளில் பாத்திரம் துலக்கவும் குழந்தை பார்க்கவும் சென்ற இலங்கை, எத்தியோப்பியப் பெண்களின் கதை வேறு. 1946ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வீட்டுப் பணியாளரைத் தன் வரம்புக்குள் சேர்க்கவே இல்லை. அதனைப் பிறிதொரு முறை விரிவாகப் பார்ப்போம்.

இதையெல்லாம் படித்து அந்நாட்டுப் பெண்களுக்காக இரங்குவது எளிது. ஆனால் சொத்துரிமையைப் பொறுத்தவரை நம் நாட்டு முறையும் ஏறத்தாழ அதுவே என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஆழ்வார்குறிச்சியையே எடுத்துக்கொள்வோம். கடனா நதியின் நீர் பாயும் ஊர். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ளது. ஒருபுறம் சிவசைலம் கோயில். சற்று அப்பால் பொட்டல்புதூர்ப் பள்ளிவாசல். அங்கு இஸ்லாமியரோடு இந்துக்களும் நேர்ந்துகொண்டு செல்வது இப்பகுதியார் யாவரும் அறிந்ததே. இடையிடையே நம் கிறிஸ்தவக் குடும்பங்கள். இவ்வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களிடையே சமய வேறுபாடு தோன்றாது. இலை வெட்டும் கத்தரியும், கட்டும் நூலும், கடையில் கழிவு என்று ஒதுக்கப்படும் பீடியும் எல்லார்க்கும் ஒன்றே.

அத்தகைய தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடுகள் எனக் கொள்வோம். மூன்றிலும் தந்தை உயில் எழுதாமல் இறந்துவிட்டார். ஒவ்வொரு வீட்டிலும் மனைவி, இரு மகன்கள், ஒரு மகள். ஒவ்வொருவரும் தம் உழைப்பால் வாங்கிய நிலம் 360 சென்ட்.

இந்து வீட்டில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவியும் மூன்று மக்களும் ஆளுக்கு 90 சென்ட் பெறுவர். இஸ்லாமிய வீட்டில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்காக 45 சென்ட், மகளுக்கு 63, மகன்கள் ஒவ்வொருவருக்கும் 126. நம் கிறிஸ்தவ வீட்டில், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்காக 120 சென்ட் போக, மக்கள் மூவருக்கும் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி ஆளுக்கு 80 சென்ட்.

ஆக, ஓரத்தில் எழுதிய வினாவுக்கு விடை: பங்கு உண்டு. தம்பிக்கு எவ்வளவோ, அவ்வளவே தமக்கைக்கும். மணமானவள், மணமாகாதவள் என்ற வேறுபாடும் சட்டத்தில் இல்லை.

இவ்வுரிமை நேற்றுப் பிறந்ததன்று. பெல்லாரியில் சாராய ஒப்பந்தம் எடுத்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய மத்தேயு ஆபிரகாம் என்னும் இந்தியக் கிறிஸ்தவர் 1842ஆம் ஆண்டில் இறந்தார். அவருடைய கைம்பெண் சார்லட்டுக்கும், மத்தேயுவின் தம்பி பிரான்சிசுக்கும் வழக்கு மூண்டது. இந்துக் கூட்டுக் குடும்ப முறைப்படி சொத்து தனக்கும் உரியது என்றார் தம்பி. தாங்கள் கிறிஸ்தவர், அம்முறை தங்களைக் கட்டாது என்றார் கைம்பெண். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1863இல் முடிந்தது. தம்பியின் கூட்டுக் குடும்ப உரிமையை அம்மன்றம் ஏற்கவில்லை. கிறிஸ்தவருக்கு எச்சட்டம் என்ற குழப்பத்தை இவ்வழக்கு ஊரறியச் செய்தது. இரண்டு ஆண்டுகளில், அதாவது 1865இல், இந்திய வாரிசுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு 1866 சனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் கிறிஸ்தவ மகளுக்குச் சட்டத்தில் சம பங்கு உண்டு. அடுத்த வீட்டு இந்து மகள் அதற்கு மேலும் 90 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. கூட்டுக் குடும்பச் சொத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது தமிழ்நாட்டில் 1989இல். அதுவும் அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு மட்டும். நாடு முழுவதற்குமான திருத்தம் 2005இல்தான் வந்தது. இஸ்லாமிய மகளுக்கும் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாநிலம் 1949இல் அக்குறையை நீக்கியது.

நம் சட்டம் அன்று மலைத்தொடருக்கு இப்பால்தான் செல்லுபடியானது. 1956 நவம்பர் முதல் நாள்வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்தது. ஆழ்வார்குறிச்சி நிலையத்தில் புகைவண்டி ஏறி, தென்காசியைத் தாண்டிச் செங்கோட்டையில் இறங்கினால் நாணயமும் சுங்கமும் மட்டுமா மாறின? கிறிஸ்தவப் பெண்ணின் பங்கும் மாறியது! 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு அளித்தது மகனின் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5,000 ரூபாய். இவற்றுள் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாக வாக்களித்திருந்தாலோ அதுவும் இல்லை. கைம்பெண்ணுக்கு அனுபவ உரிமை மட்டுமே. அவள் மறுமணம் செய்துகொண்டால் அதுவும் போயிற்று.

செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் தமிழ்நாட்டோடு இணைந்த பின்னரும் இப்பழைய சட்டம் உயிரோடிருக்கிறதா என்ற ஐயம் தீரவில்லை. 1970களில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அது மறைந்துவிட்டது என்றார். பின்னர் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு, மறையவில்லை என்றது. இதற்கு முடிவு கட்டியவர் கோட்டயத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண்மணி மேரி ராய்.

கணவரைப் பிரிந்து, இரு குழந்தைகளோடு உதகமண்டலத்தில் தம் தந்தைக்குரிய வீட்டில் அவர் தங்கியிருந்தபோது, சகோதரர் வந்து வெளியேறச் சொன்னதாக அவருடைய மகள், எழுத்தாளர் அருந்ததி ராய் பதிவு செய்திருக்கிறார். மேரி ராய் அவ்வூர் வழக்கறிஞரிடம் விரைந்தார். திருவிதாங்கூர்ச் சட்டம் தமிழ்நாட்டில் செல்லாது என்ற செய்தி அங்கேதான் கிடைத்ததாம். பின்னர்க் கோட்டயத்தில் பள்ளி நிறுவித் தம் காலில் நின்றபின், 1983இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1986 பிப்ரவரி 24ஆம் நாள் தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பதக்கும் தீர்ப்பளித்தனர். 1951 ஏப்ரல் முதல் நாளன்றே திருவிதாங்கூர்ச் சட்டம் மறைந்துவிட்டது. அன்றுமுதல் அங்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டமே என்றனர். ஆண், பெண் சமத்துவம் பற்றிய அரசியல் சட்ட வினாவுக்குள் நீதிமன்றம் நுழையவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

அத்தீர்ப்பைக் கேரளத்தில் எல்லாரும் மகிழ்ந்து வரவேற்றனர் என்று சொல்ல வழியில்லை. குடும்பங்கள் சிதறும், வங்கிக் கடன்கள் கெடும் என்ற குரல்கள் எழுந்தன. எதிர்த்தவருள் திருச்சபை வட்டாரத்தாரும் இருந்தனர். முன்தேதியிட்ட விளைவை நீக்க 1994இல் ஒரு மசோதா கூட எழுதப்பட்டது, அது சட்டமாகவில்லை. வென்ற மேரி ராய் தம் பங்கைக் கையில் பெறுவதற்கு மேலும் பல ஆண்டுகள் கீழ் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் அவர் காலமானார்.

மலைக்கு அப்பால் ஒருவர் இத்தனை போராடிப் பெற்ற உரிமை, மலைக்கு இப்பால் நமக்கு 1866 முதலே உண்டு. அதனை நாம் என்ன செய்திருக்கிறோம்?

நடப்பதைச் சொல்கிறேன். தந்தையின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து சில மாதங்கள் கழியும். நிலத்தை விற்கவோ, வீட்டை இடித்துக் கட்டவோ மகன்மார் முனைவர். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயரும் இருக்கும். வாங்குவோர் அவள் கையொப்பமும் வேண்டும் என்பர். அப்போதுதான் அவளுக்குப் பங்கு இருந்தது என்பதே வீட்டில் பேச்சாகும். அதுவும் எவ்வாறு? "சார்பதிவாளர் அலுவலகம் வரை வந்து போக வேண்டும் அக்கா, காலையில் வண்டி அனுப்புகிறோம்" என்று. அவளும் வருவாள். மனமொப்பியே இடுகிறாயா என்று கேட்டால் ஆம் என்பாள். பிரதிபலன் இவ்வளவு பெற்றுக்கொண்டதாகப் பத்திரத்தில் எழுதியிருக்கும். பெற்றாளா என்பது அவளுக்கும் ஆண்டவருக்குமே தெரியும். திரும்பும் வழியில் ஓட்டலில் சாப்பாடும், ஒரு புடவையும் கிடைக்கும்.

மூன்று வீடுகளையும் சேர்த்தே சொல்கிறேன். சட்டம் ஒருத்திக்கு 90, ஒருத்திக்கு 63, ஒருத்திக்கு 80 சென்ட் என வகுத்தாலும், மூவருள் பலரும் வீடு திரும்புவது ஒரே வெறுங்கையோடுதான்.

"நகை போட்டு, ரொக்கம் கொடுத்துக் கரையேற்றினோமே, இன்னும் என்ன பங்கு?" என்ற கேள்வி தவறாமல் வரும். மடல் எழுதிய சகோதரியிடமும் இதையே சொல்லியிருக்கின்றனர். இதற்குச் சட்டத்திலேயே விடை உள்ளது. தந்தை தம் வாழ்நாளில் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்த பணத்தையோ பொருளையோ, அப்பிள்ளையின் பங்கைக் கணக்கிடும்போது கழிக்கலாகாது என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு. நகையைக் கழிக்க வேண்டுமானால், மகனுக்குக் கட்டிய கல்லூரிக் கட்டணத்தையும், அவன் கடை வைக்கக் கொடுத்த முதலையும் கழிக்க வேண்டாமா? சட்டம் இரண்டையும் கழிக்கவில்லை. சீதனம் வாங்கினால் பங்கு போயிற்று என்பது திருவிதாங்கூர்ச் சட்டம். அச்சட்டம் இந்த மண்ணுக்கு உரியதன்று. இன்று எந்த மண்ணிலும் இல்லை. ஆயினும் நம் வீட்டுக் கூடத்தில் அதுவே ஆட்சி செய்கிறது!

பெண்கள் ஏன் கேட்பதில்லை என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அறியாமை மட்டும் காரணமன்று. பங்கு கேட்டவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபடும். பிள்ளையின் புதுநன்மைக்கும் மகளின் திருமணத்துக்கும் தாய்மாமன் சீர் வராது. கணவன் வீட்டில் இடர் நேர்ந்தால் போய் நிற்க இடமிராது. இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. ஆனால் கணவன் கைவிட்ட பெண்ணும், இளமையில் கைம்பெண்ணானவளும் பிறந்த வீடு திரும்பி எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை ஒவ்வொரு பங்கிலும் காண்கிறோம். பின்கட்டில் ஓர் அறை. பீடிக் கூலியில் வயிற்றுப்பாடு. அண்ணியின் முகம் பார்த்து அடுப்பேற்றும் வாழ்வு. அவள் குடியிருக்கும் வீட்டிலேயே அவளுக்குச் சட்டப்படி பங்கு இருந்திருக்கும். அதனை எழுதிக் கொடுத்துவிட்டு விருந்தினளாக வாழ்கிறாள்.

பெற்றோரைக் கடைசிவரை பேணிய தம்பிக்கு மனமார விட்டுக்கொடுக்கும் தமக்கையரும் உண்டு. அதனைக் குறை சொல்வார் யார்? தன் பங்கு இவ்வளவு, அதன் மதிப்பு இவ்வளவு என்று அறிந்து கொடுப்பது கொடை. அறியாமல் கையொப்பம் இடுவதைக் கொடை என்று நான் சொல்லமாட்டேன். ஆகவே அச்சகோதரிக்கு நான் கூறுவது இதுவே. பத்திரத்தின் நகலை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். சர்வே எண்ணையும் பரப்பையும் பட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதிய தொகை கைக்கு வராமல் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டாம். குடும்பம் சாராத வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். கட்டணத்துக்கு வழியில்லையெனில், நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழு பெண்களுக்கு இலவசமாக உதவ வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டம். பதிவு செய்த பத்திரத்தை ஏமாற்று என்று கூறி நீக்கக் கோருவதாயின், உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். மெய்ப்பிக்கும் சுமையும் உங்கள் தலைமேல் விழும். எனவே முன்னெச்சரிக்கையே நன்று.

தந்தையருக்கும் ஒரு சொல். மேற்கூறிய சம பங்கு உயில் இல்லாதபோதுதான். நம் சட்டத்தில் தந்தை தம் சொத்து முழுவதையும் எவருக்கும் உயில் எழுதலாம். மகளை அறவே விலக்கியும் எழுதலாம். பாட்டன் சொத்தாயினும் பேரப்பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை கிடையாது. இஸ்லாமியச் சட்டத்திலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. மற்ற வாரிசுகள் இசையாமல் ஒரு வாரிசுக்கு மட்டும் எழுதவும் முடியாது. மகளுக்குப் பாதிப் பங்கே தரும் சட்டம் அப்பாதியைக் காவல் காக்கிறது. முழுப் பங்கு தரும் நம் சட்டம் அதனைத் தந்தையின் பேனா முனையில் விட்டுவிடுகிறது. யோபு தம் புதல்வியர் மூவருக்கும் அவர்கள் சகோதரரோடு உரிமைச் சொத்து அளித்தார் என்று திருநூல் தனியே குறிப்பிடுகிறது. அக்காலத்துச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

திருமணத்தைப் பற்றியும் சுருக்கமாகக் குறிக்கிறேன். ஏனெனில் லெபனோனோடு நாம் வேறுபடும் இடம் அது. அங்கே மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தின் தீர்ப்பே அரசுக்கும் தீர்ப்பு. இங்கே அவ்வாறன்று. திருச்சபை நீதிமன்றம் ஒரு திருமணம் செல்லாதது என்று அறிவித்தாலும், அரசு நீதிமன்றத்தின் ஆணையின்றி மறுமணம் செய்தல் சட்டப்படி குற்றமாகலாம். உச்ச நீதிமன்றமும் 2017இல் இந்நிலையை மாற்ற மறுத்துவிட்டது. 1869ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டம், கணவன் மனைவியின் பிறன்மனை உறவொன்றை மெய்ப்பித்தால் போதும் என்றது. மனைவியோ கணவனின் அக்குற்றத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும் என்றது. 132 ஆண்டுகள் கழித்து, 2001இல்தான் இவ்வேறுபாடு நீங்கியது.

இனி தாய்மாரைப் பற்றி. நம் சட்டத்தில் கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கண்டோம். மேற்காட்டிய கணக்கில் 120 சென்ட். மக்கள் எவரையும்விட மிகுதி. ஆனால் மகள் கையொப்பமிடும் அதே நாளில், அதே பத்திரத்தில் பெரும்பாலும் தாயும் கையொப்பமிடுகிறார். பின்னர் ஒரு மாதம் மூத்தவன் வீடு, ஒரு மாதம் இளையவன் வீடு என்று துணி மூட்டையோடு நடக்கிறார். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தன்னைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பேணாதபோது அதற்கான தீர்ப்பாயத்தில் முறையிட்டுத் திரும்பப் பெறலாம். நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருத்தல் நலம். வாய்ச்சொல்லாக விட்டால் பின்னர் வழக்காகும். மற்றொரு குறையும் உண்டு. மகன் மனைவி மக்களின்றி உயில் எழுதாமல் இறந்தால், அவன் தந்தை உயிருடன் இருக்கும்வரை தாய்க்கு ஒன்றும் கிடையாது. எல்லாம் தந்தைக்கே. 42ஆம் பிரிவின் இவ்விதி இன்றும் திருத்தப்படவில்லை.

உயில் எழுதும் முறையைப் பற்றித் தனியே ஓர் இதழில் எழுத எண்ணம். அதற்குமுன் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதிய பின் திருமணம் செய்துகொண்டால், முன்பு எழுதிய உயில் அத்திருமணத்தோடு செல்லாததாகிவிடும். மனைவியை இழந்த ஒருவர் முதல் மனைவியின் மகளுக்கென வீட்டை எழுதி வைத்துவிட்டு மறுமணம் செய்கிறார் எனில், அவ்வுயிலை மீண்டும் புதிதாக எழுதியே ஆக வேண்டும்.